கித்தாரின் உறுமலும் மண்ணின் துணையும்

சீவகசிந்தாமணியைப் பயின்றோர் காந்தருவதத்தையார் இலம்பகத்தை எளிதில் மறவார். இசைப்போருக்கு வந்த சீவகன், தன்முன் கொணர்ந்து வைக்கப்பட்ட யாழ்களை உடனே எடுத்து மீட்டினானல்லன். ஒவ்வொன்றாகக் கையிலேந்தி ஆராய்ந்து, இதன் மரம் நீரில் நின்று ஊறியது, இதன் மரம் தீயிற்பட்டது, இதன் மரம் இடியுண்டது என்று குற்றங் கூறி விலக்கினான். நரம்பின் புரியை நெகிழ்த்து, உள்ளே மறைந்திருந்த மயிரையும் எடுத்துக் காட்டினான். முறுக்கு, தும்பு, மயிர், கொடும்புரி என நரம்பிற்குரிய குற்றம் நான்கு என்பது நம் முன்னோர் வகுத்த வகுப்பு.

இக்காலத்து நரம்புக்கருவிகளுக்கு ஐந்தாவதொரு குற்றமும் வந்து சேர்ந்துள்ளது. மின்சாரத்தால் ஒலி பெருக்கப்படும் கித்தாரை ஒலிபெருக்கியோடு இணைத்த அளவிலே, விரல் நரம்பைத் தீண்டுமுன்னரே, பெட்டிக்குள்ளிருந்து ‘ஊம்’ என்று இடைவிடாது எழுகின்ற உறுமலே அது. நம் கல்லூரி விழாக்களிலும் ஊர் ஆலயங்களிலும் இதனைக் கேளாதார் இலர். இவ்வுறுமல் எங்கிருந்து பிறக்கின்றது, இதனை நீக்கும் நெறி யாது, இதனை நீக்கப்புகுந்து நாம் செய்யத் தகாதது யாது என்பவற்றை யாம் கண்டறிந்த அளவில் ஈண்டு எழுதத் துணிகின்றோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு மின்சாரத்தில் என்ன வேலை என்று பௌதிக வகுப்பு நண்பர் நகைக்கக்கூடும். எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியது நூலன்று, ஓர் இடரேயாகும்.

முள் முறிந்த கதை

சிவகாசிக்கு அணித்தாகிய ஒரு சிற்றூர் எமது ஊர். அங்குள்ள ஆலயத்தில் கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்குப் பாடற்குழுவினர் பயிலத் தொடங்கியபோது, புதிதாக வாங்கிய கித்தாரும் உறுமத் தொடங்கிற்று. ஆலயத்தின் முன்புறத்துச் சுவரில் கித்தாருக்குரிய ஆம்ப்ளிபையரும், பின்புறத்து மேசையின்மேல் ஒலிவாங்கிகளையெல்லாம் சேர்க்கும் மிக்சரும் இருந்தன. இரண்டனையும் ஒரு நீண்ட கம்பிவடம் இணைத்தது. எத்துணை முயன்றும் உறுமல் அடங்கவில்லை. ஈற்றில் குழுவினருள் ஒருவர், யாரோ கூறக் கேட்ட உபாயமொன்றைச் செய்தார். ஆம்ப்ளிபையரின் செருகியில் உள்ள மூன்று முட்களுள் பருத்த முள்ளைக் குறடுகொண்டு முறித்துவிட்டார். என்ன வியப்பு! உறுமல் அக்கணமே நின்றது. அனைவரும் அவரைப் பாராட்டினோம். யாமும் பாராட்டினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அடுத்த சனிக்கிழமைப் பயிற்சிக்கு அந்நீண்ட வடத்தை எவரும் இணைக்கவில்லை. எம் நண்பர் ஒருவர் ஒரு கையால் ஆம்ப்ளிபையரின் உலோகத் தகட்டைப் பற்றியவாறே, ஒலிவாங்கியில் வாய்வைத்துப் பாட முனைந்தார். உதட்டில் நெருப்புப் பட்டாற்போல் அலறிப் பின்னே வீழ்ந்தார். இறைவனருளால் அவருக்கு நேர்ந்தது உதட்டெரிச்சலும் அச்சமும் மட்டுமே. அன்று பாட்டு நடைபெறவில்லை.

எம் தாய்மாமன் பட்டாசு ஆலையொன்றில் நெடுங்காலம் போர்மனாக உழைத்தவர். செய்தி கேட்டு வந்து, முறிந்த முள்ளைக் கையிலெடுத்துச் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு எம்மை நோக்கி, “மருமகனே, எங்கள் ஆலையில் வாயிலருகே ஒரு செப்புத் தகடு பதித்திருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகிறது. அதைத் தொடாமல் எவனும் மருந்தறைக்குள் கால் வைக்கமாட்டான். நாங்கள் மண்ணைத் தேடித் தொடுகிறோம். நீங்களோ கையிலிருந்த மண்ணை முறித்து எறிந்துவிட்டீர்கள்!” என்றார். அச்சொற்களே இக்கட்டுரைக்கு வித்து.

மருந்தறையின் செப்புத் தகடு

1923ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டது முதல், தீப்பெட்டியும் அதன்பின் பட்டாசும் வளர்ந்த நிலம் இது. மழை குன்றிய வறண்ட காற்று வெடிமருந்தை உலர்த்துதற்கு உதவுவது. ஆனால் அவ்வறட்சியே ஓர் அபாயத்தையும் உடன் கொணர்கின்றது. உலர்ந்த காற்றில் நடப்பவன் உடலிலும் ஆடையிலும் உராய்வினால் நிலைமின்சாரம் சேரும். ஏறக்குறைய 3,000 வோல்ட் அளவுக்குச் சேர்ந்த பின்னரே அதன் பொறி நம் விரலுக்குப் புலனாகும். நாம் உணராத சிறு பொறியும் சிலவகை மருந்துக் கலவைகளைப் பற்றவைத்தற்குப் போதியது. இதுபற்றியே மருந்தறையிற் புகுவோர் நைலான் முதலிய செயற்கை இழை ஆடைகளை விலக்கிப் பருத்தியாடை உடுத்தலும், மண்ணோடு இணைந்த தகட்டைத் தொட்டு உள்ளே செல்லுதலும் விதியாயின. உடலில் தங்கிய மின்சாரம் செல்லுதற்கு ஒரு வழி வேண்டும்; அவ்வழி மண்ணே.

மூன்று முட்செருகியின் பருத்த முள்ளும் இத்தகைய வழியே. எர்த்து என மின்பணியாளர் வழங்கும் அம்முள், கருவியின் உலோக உடலைக் கட்டடத்தின் எர்த்துக் குழியோடு இணைப்பது. பிற முட்களினும் அது நீண்டிருத்தலின் காரணமும் இதுவே: செருகும்போது மண் முதலில் தொடவேண்டும், பிடுங்கும்போது மண் இறுதியில் விடவேண்டும்.

உறுமலின் பிறப்பு

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. சுவரினுள் ஓடும் கம்பிகளைச் சூழ்ந்து, கண்ணுக்குப் புலனாகாத மின்புலமும் காந்தப்புலமும் அதே கதியில் அலைந்தவண்ணம் இருக்கின்றன. மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் என்பதை 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டுபிடித்தார். மின்விசிறியும் மின்மாற்றியும் அவ்வுண்மையால் இயங்குகின்றன. நம் கித்தாரின் உறுமலும் ஓரளவு அவ்வுண்மையின் விளைவே.

நரம்பின் அசைவை மின்சாரமாக மாற்றும் உறுப்புக்குப் பிக்கப் என்பது பெயர். மரக்கித்தார்களில் அஃது இருவகைப்படும். ஒன்று, நரம்பு தாங்கும் எலும்புத் துண்டின்கீழ் வைக்கப்படும் மெல்லிய பட்டை. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றும் என்று 1880ஆம் ஆண்டில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர் கண்ட பியசோ விளைவே இதற்கு அடிப்படை. மற்றொன்று, ஒலித்துளையின் குறுக்கே பொருத்தப்படும் காந்தச் சுருள்.

காந்தச் சுருள், நரம்பின் அசைவோடு சுற்றிலுமுள்ள காந்தப்புலத்தின் அலைவையும் ஏற்கும். இக்குற்றம் நீங்க, எதிரெதிராக அமைந்த இரண்டு சுருள்களை இணைத்து, உறுமலை உறுமலாலேயே அழிக்கும் அமைப்பினைக் கிப்சன் நிறுவனத்தைச் சார்ந்த சேத் லவர் என்பார் 1955ஆம் ஆண்டில் வகுத்தார். பியசோ பட்டையோ காந்தப்புலத்துக்கு அஞ்சுவதன்று. ஆனால் அதிலிருந்து வரும் மின்சாரம் மிக மெலியது. ஆதலின் அதனைத் தாங்கிச்செல்லும் கம்பியின் மேலுறையில் சிறு குறையிருப்பினும் சுவரின் மின்புலம் அதனுட் புகுந்துவிடும். இதனாலேயே பெட்டியினுள் 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் சிறு பெருக்கி ஒன்றை அமைத்து, மெலிந்த குரலை வெளியே விடுமுன் வலியுறுத்துகின்றனர்.

ஓசையைக் கொண்டே பிறப்பிடத்தை ஒருவாறு ஊகிக்கலாம். சுவரின் மின்சாரம் நேரே புகுந்ததாயின் உறுமல் 50 அலைவுடையது. ஆம்ப்ளிபையரினுள் மின்சாரத்தைத் திருத்தும் பகுதியில் பழுதாயின் அது 100 அலைவுடையதாகும். கித்தாரின் ஆறாம் நரம்பை மூன்றாம் கட்டில் அழுத்தி மீட்டினால் எழும் ஒலி 98 அலைவு. உறுமல் அதனோடு ஏறத்தாழ ஒத்துச் சிறிதே உயர்ந்து நிற்பின் 100 என்று கொள்க. ஆயினும் சிறிய ஒலிபெருக்கிகள் 50 அலைவைத் தெளிவாக ஒலிக்கமாட்டா; ஆதலின் செவியை மட்டுமே நம்பி முடிவு செய்தல் ஆகாது.

குற்றம் தேரும் முறை

சீவகன் செய்தவாறே நாமும் ஒன்றொன்றாக விலக்கிக் காண்டல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றுவோமாயின், குற்றம் நீங்கினும் அது யாதென அறியோம்.

முதலாவதாக, ஆம்ப்ளிபையரில் செருகிய கித்தார் வடத்தையும் பிற வடங்களையும் எடுத்துவிட்டு அதனை மட்டும் இயக்குக. உறுமல் அப்போதும் இருப்பின் குற்றம் பெட்டியினுடையது. அதனைத் திறத்தல் நம் தொழிலன்று. செருகியைப் பிடுங்கிய பின்னரும் உள்ளேயுள்ள கெப்பாசிடர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆதலின் வல்லுநரிடமே ஒப்படைக்க.

இரண்டாவதாக, பெட்டி குற்றமற்றதாயின் வேறொரு நல்ல வடத்தால் கித்தாரை இணைக்க. வடத்தின் நடுக்கம்பியைச் சூழ்ந்த பின்னல் உறையே வெளிப்புலத்தைத் தடுக்கும் வேலி. மிதிபட்டு மிதிபட்டு அவ்வுறை முனையருகே அறுதல் இயல்பு. உறுமல் கேட்டவுடன் கித்தாரைக் குறைகூறுவோர் பலர். ஆராய்ந்தால் விலைகுறைந்த வடமே பலவிடத்தும் குற்றவாளியாக நிற்கும்.

மூன்றாவதாக, இணைப்புவாயின் உலோகத்தை விரலால் தொட்டுப் பார்க்க. இச்சோதனைக்கு முன் செருகியின் மூன்று முள்ளும் முழுமையாக உள்ளனவா என்று நோக்குதல் இன்றியமையாதது. தொட்டவுடன் உறுமல் தணியுமாயின், கித்தாரினுள் உறையின் இணைப்பு எங்கேனும் விடுபட்டிருத்தல் கூடும். நம் உடல் சுவரின் அலைவைப் பற்றிக் கித்தாருக்கு ஊட்டும் கொடிக்கம்பம் போன்றது. மண்ணோடு இணைந்த உலோகத்தைத் தொட்டவுடன் அவ்வுடலே வேலியாக மாறிவிடுகின்றது. விடுபட்ட உறையை இணைப்புவாயில் ஈயம்வைத்துப் பற்றவைப்பின் குற்றம் நீங்கும். அப்பணியைக் கித்தாரை வடத்தினின்றும் முற்றும் பிரித்த பின்னரே செய்க.

நான்காவதாக, கித்தாரை ஏந்தியவாறே மெல்லத் திரும்பிப் பார்க்க. திசைக்கேற்ப உறுமல் ஏறியிறங்கின் காந்தச் சுருள் அருகிலுள்ள மின்மாற்றியையோ மின்விசிறியையோ கேட்கின்றது. இடம் மாறி அமர்தலே அதற்கு எளிய மருந்து.

ஐந்தாவதாக, விளக்குகளையும் விசிறிகளையும் செல்பேசி மின்னேற்றிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்துக. உறுமலோடு ‘ஸ்ர்ர்’ என்ற கீறலோசையும் கலந்திருப்பின், விசிறியின் வேகத்தைக் குறைக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரையும், பண்டிகைக் காலத்துச் சீரியல் விளக்குகளையும் ஐயுறுக. எமது ஆலயத்தில் குடிலைச் சுற்றிய சீரியல் விளக்கை நிறுத்தியவுடன் கீறல் பாதி குறைந்தது.

மின்கலத்தைப் பற்றியும் ஒரு சொல். அது தளர்ந்தால் குரல் மெலிந்து பிசிறடிக்கும். உறுமலுக்கு அதுவே காரணமாதல் அரிது. பல கித்தார்களில் வடத்தைச் செருகியவுடன் மின்கலம் இயங்கத் தொடங்குமாதலின், பாடி முடிந்தபின் வடத்தைக் கழற்றி வைத்தல் செலவைக் குறைக்கும்.

இரு கண்மாய்களும் ஒரு வாய்க்காலும்

மேற்கூறியவற்றுள் எதனாலும் எமது ஆலயத்து உறுமல் முழுதும் அடங்கவில்லை. முறிந்த முள்ளுக்குப் பதிலாகப் புதிய செருகி பூட்டியவுடன், அது முன்போலவே வந்து நின்றது. மாமா அழைத்துவந்த மின்பணியாளர் நெடுநேரம் ஆராய்ந்து உண்மையை விளக்கினார்.

எம் கரிசல் நாட்டினர்க்கு விளங்கும் உவமையால் அதனைக் கூறுவோம். இரண்டு கண்மாய்களை ஒரு வாய்க்கால் இணைக்கின்றது. இரண்டிலும் நீர்மட்டம் ஒத்திருப்பின் வாய்க்காலில் ஓட்டமில்லை. ஒன்றில் நான்கு விரற்கடை உயரினும் ஓட்டம் உண்டு. ஆலயத்தின் முன்சுவரும் பின்சுவரும் வெவ்வேறு வழியாக மண்ணை அடைந்தன. இரண்டு எர்த்துகளுக்குமிடையே சிறிது அழுத்த வேறுபாடு இருந்தது. ஆம்ப்ளிபையரையும் மிக்சரையும் இணைத்த நீண்ட வடத்தின் உறை அவ்விரண்டுக்கும் வாய்க்காலாயிற்று. அதன் வழியே 50 அலைவு மின்சாரம் ஓடிப் பாட்டோடு கலந்தது. இதற்கு எர்த்துக் கண்ணி என்பது பெயர். முள்ளை முறித்தபோது கண்ணி அறுந்தமையால் உறுமல் நின்றதும் உண்மையே. ஆனால் அன்றுதொட்டு ஆம்ப்ளிபையரின் உலோகம் அந்நீண்ட வடத்தின் உறையொன்றையே நம்பி மண்ணோடு நின்றது. வடத்தைக் கழற்றிய சனிக்கிழமையன்று அதற்கு மண்ணே இல்லாதொழிந்தது. உள்ளிருந்து கசிந்த மின்சாரம், எம் நண்பரின் கையினின்று உதட்டின் வழியாக ஒலிவாங்கிக்கு வழி தேடிக்கொண்டது.

அன்று கசிந்தது சிறிதளவே. உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து உலோகத்தில் முட்டியிருக்குமாயின், 230 வோல்ட்டும் அவர் மார்பின் வழியே பாய்ந்திருக்கும். இது வீண் அச்சமன்று. ஸ்டோன் தி க்ரோஸ் என்னும் குழுவின் கித்தார் வாசிப்பாளர் லெஸ் ஹார்வி, 1972ஆம் ஆண்டு மே மாதத்தில் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரத்து மேடையில், எர்த்து இணைப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு அங்கேயே உயிர்நீத்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிப் புகழ்பெற்ற கீத் ரெல்ப், 1976ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் இல்லத்தில் கித்தார் வாசிக்கையில் மின்சாரத்தால் மாண்டார். அங்கும் எர்த்து இணைப்பு முறையாக அமையவில்லை. இசையை வாழ்வாகக் கொண்டோர்க்கே இவ்வாறு நேர்ந்ததெனின், பண்டிகைக்குப் பண்டிகை கருவியைத் தொடும் நம்மனோர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

செய்யத்தக்கன

மின்பணியாளர் எமக்குச் செய்துகாட்டியவை மூன்று. ஆம்ப்ளிபையரையும் மிக்சரையும் ஒரே சுவர்ப்பெட்டியிலிருந்து மின்சாரம் பெறச் செய்தார். இரு கண்மாய்களும் ஒரு கண்மாயாயின. இடையில் டி.ஐ. பெட்டி என வழங்கும் சிறுபெட்டி ஒன்றை வைத்தார். மெல்லிய மின்மாற்றியால் பாட்டை மட்டும் கடத்திக் கண்ணியை அறுப்பது அது. அப்பெட்டியில் எர்த்தை விடுவிக்கும் குமிழ் ஒன்றுண்டு. அது பாட்டைச் சுமக்கும் வடத்தின் உறையை மட்டுமே பிரிக்கின்றது. கருவிகளின் உலோக உடல் தத்தம் செருகி வழியாக மண்ணோடு இணைந்தே நிற்கின்றது. முள்ளை முறித்தலுக்கும் இக்குமிழைத் திருப்புதலுக்கும் உள்ள வேறுபாடு, மதகைத் திறத்தலுக்கும் கரையை உடைத்தலுக்கும் உள்ள வேறுபாடாகும்.

மூன்றாவது, ஆலயத்தின் புறத்தேயுள்ள எர்த்துக் குழி. உப்பும் கரியும் அடுக்கி அமைத்த அக்குழிக்குப் பல்லாண்டாக ஒருவரும் நீர் வார்த்திலர். கரிசல் மண் காய்ந்து பிளந்து கம்பியைவிட்டு விலகியிருந்தது. உலர்ந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏலாது. குழியைப் புதுக்கி நீர் வார்த்து அளந்தபோது எர்த்து நற்பயன் தந்தது. கசிவு 30 மில்லியாம்பியரை எட்டுமுன்னரே மின்னோட்டத்தை நிறுத்தும் காப்புக்கருவி ஒன்றையும் சபையார் பொருத்துவித்தனர். கோடைதோறும் அக்குழிக்கு நீர் வார்க்கும் பணி பாடற்குழுவினரது; முள்ளை முறித்தவரே முதற்குடத்தை மகிழ்வோடு சுமந்தார்.

அவ்வாண்டுப் பண்டிகையிரவில் கித்தார் உறுமாது ஒலித்தது. பாடல் தொடங்குமுன் நின்ற அமைதியில் குடிலிலுள்ள வைக்கோல் சரசரப்பதும் கேட்டது. உதட்டெரிச்சலுற்ற நண்பரே முதற்பாட்டைப் பாடினார். மாமா பின்வரிசையில் அமர்ந்து, பாட்டைக் கேட்பதற்கு முன் சுவரிலுள்ள செருகியைத்தான் நோக்கினார்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள்! உங்கள் ஊர் மேடையிலோ ஆலயத்திலோ கித்தார் உறுமுமாயின், அதனை ஒரு குற்றமாக மட்டும் கருதாமல் ஓர் எச்சரிக்கையாகவும் கொள்ளுங்கள். சீவகனைப்போல ஒவ்வொன்றாக ஆராயுங்கள். வடத்தை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், வேண்டுமாயின் கருவியையே மாற்றுங்கள். செருகியின் பருத்த முள்ளை மட்டும் தொடாதீர்கள். யாரேனும் அதனை முன்னரே முறித்திருப்பாராயின், அன்று பாட்டு நின்றாலும் நிற்கட்டும். புதிய செருகி பூட்டிய பின்னரே பாடத் தொடங்குங்கள்.